சப்போட்டா ஜூஸும் ஒரு மரச்செருப்பும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெருந்துறையில் ஒரு பேக்கரி பெஞ்சில் மாபெரும் சதி ஒன்று அம்பலமானது. அம்பலப்படுத்தியவர் எங்கள் மாமா. தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு, கண்ணில் தீ.

"மாப்ள, போர் மோட்டார் காயில் கருகிருச்சு. தானாக் கருகல. இது பக்கா சபட்டேஜ்!"

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சப்போட்டா இன்னைக்கு வரலைங்க. ஆப்பிள் ஜூஸ் போடட்டுங்களா?"

மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் அடுப்பிலிருந்த பால் திரிந்திருக்க வேண்டும். பாக்கெட் பால் என்பதால் தப்பித்தது.

குற்றவாளி யார்? கிழக்கு வரப்புக்காரர், பங்காளி. காரணம்? மூன்று வருடத்துக்கு முன்னால் வெட்டிய ஒரு வேப்பமரம். ஆதாரம்? "நேத்து சாயங்காலம் என்னையப் பார்த்துச் சிரிச்சான் மாப்ள. அவன் என்னையப் பார்த்துச் சிரிச்சு எத்தனை வருசமாச்சு தெரியுமா?" இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்! தூக்கில் போட வேண்டியதுதான் பாக்கி.

மதியம் எலக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கேரியரில், மயிரிழைபோல இருக்க வேண்டிய கம்பிக்குப் பதிலாக, தடித்த செம்புக் கம்பி முறுக்கிக் கிடந்தது. "இது ஃபியூஸ் இல்லீங்க, தாலிக்கொடி" என்றார். ஒரு ஃபேஸ் கரண்ட் போய்விட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்கென்று ஒரு பிரிவென்டர் வைப்பார்கள். அதையும் யாரோ விலக்கிவிட்டு நேராக இணைத்திருந்தார்கள். அந்த யாரோ யார் என்று கேட்டேன். மாமா மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். சும்மாச் சும்மா மோட்டாரை நிறுத்தி அந்தப் பெட்டி தொந்தரவு கொடுத்ததாம். ஃபியூஸின் பிறவிப் பயனே எஜமானுக்காக முதலில் சாவது. மாமாவின் ஃபியூஸ் ஜம்மென்று உயிரோடு இருந்தது. மோட்டார்தான் வீரமரணம்.

ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாமா கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. எப்படி வாங்குவார்? "நான்தான் கம்பியை மாத்திப் போட்டேன்" என்றால் அசட்டு மனிதர். "சபட்டேஜ்" என்றால் எதிரிகள் ராத்திரியில் தூக்கம் கெட்டுத் திட்டம் போடும் அளவுக்குப் பெரும்புள்ளி! வாயில் வந்த ஒரே சொல்லில் இவ்வளவு பிரமோஷன் கிடைக்கிறது என்றால், அந்தச் சொல்லின் பூர்வீகத்தை விசாரிக்காமல் விடலாமா?

விசாரித்தேன். பூர்வீகம் அவ்வளவு சரியில்லை.

உங்களுக்கும் யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் 'சபோ' என்றால் மரச்செருப்பு. மெஷின்கள் வந்து பிழைப்பில் மண் விழுந்ததும், கோபம் கொண்ட தொழிலாளர்கள் காலில் கிடந்த சபோவைக் கழற்றி மெஷினுக்குள் வீசினார்கள். கறமுற என்று பல்சக்கரம் நின்றது. சபோட்டாஜ் பிறந்தது! 1991-ல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் விண்வெளிக் கப்பலில் நின்றுகொண்டு இதைச் சொல்கிறார்கள். காதில் பெரிய கூர் வைத்த ஒருவர் சொன்னால் நம்பாமல் எப்படி?

கதை அருமை. ஒரே குறை, இப்படி நடந்ததாக உருப்படியான சாட்சி ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசித்தாலே தெரியும். கூலிக்கு வழியில்லாத ஆள், இருக்கிற ஒரே ஜோடி செருப்பைத் தூக்கி மெஷினுக்குள் போட்டுவிட்டு, குளிரில் வெறுங்காலோடு வீட்டுக்குப் போவாரா? எங்கள் சென்னிமலைப் பக்கம் எந்தத் தறிக்காரரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். "ஒத்தைச் செருப்பையா, ரெண்டையுமா? ஒண்ணைப் போட்டா இன்னொண்ணை வச்சுட்டு என்னங்க பண்றது?" என்றுதான் கேட்பார். புரட்சியில் அவருக்குச் சந்தேகம் இல்லை, பட்ஜெட்டில்தான்.

உண்மை இதைவிட அசிங்கமானது. பிரெஞ்சில் 'சபோத்தே' என்றால் மரச்செருப்பு போட்டுக்கொண்டு டொக்கு டொக்கென்று நடப்பது. அதிலிருந்து, வேலையை ஏனோதானோவென்று செய்வது. பட்டணத்துத் தோல்பூட்ஸ்காரர்களுக்கு மரச்செருப்புக் குடியானவன் என்றாலே கிண்டல்தான். ஆக, பாலத்தைத் தகர்ப்பது, கப்பலைக் கவிழ்ப்பது என்று நாம் பயபக்தியோடு உச்சரிக்கும் அந்த மகத்தான சொல்லுக்கு ஒரிஜினல் அர்த்தம் என்ன தெரியுமா? சொதப்பல்!

சொதப்பலைக் கொள்கையாக்கிய மகான் எமில் பூஜே. அராஜகவாதி, பத்திரிகைக்காரர். இரண்டு லட்சணமும் சேர்ந்தால் சும்மா இருக்க முடியுமா? 1897-ல் துலூஸ் நகரில் பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாடு. அதில் பாய்காட்டோடு சேர்த்து சபோட்டாஜையும் தொழிலாளியின் ஆயுதமாக ஏற்கச் செய்தார்கள். அவருக்கு ஐடியா கொடுத்தது பிரான்ஸ்கூட இல்லை, ஸ்காட்லாந்து.

1889-ல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். முதலாளிகள் அசரவில்லை. வயல்வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து மூட்டை தூக்க வைத்தார்கள். கப்பல் ஆடினால் ஆளும் ஆடும். ஒரு மூட்டை இறக்கினால் இரண்டு மூட்டை தண்ணீரில். ஆனாலும் முதலாளிகள் "ஆகா, என்ன வேலை, என்ன வேலை!" என்று பாராட்டினார்கள். ஸ்டிரைக் தோற்றது. சங்கத் தலைவர் ஆட்களைக் கூட்டிச் சொன்னார்: நாளைக்கு வேலைக்குப் போங்கள். முதலாளிக்கு அந்த ஆட்களின் வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. நாமும் அப்படியே செய்து அவர் மனதைக் குளிர வைப்போம்! பூஜே சொல்லும் கதைப்படி, சில நாட்களிலேயே கேட்ட கூலி கிடைத்தது. பாவம், தன் பாராட்டைத் தானே வாபஸ் வாங்கிய முதல் முதலாளிகள்.

கூலி மட்டமா, வேலையும் மட்டம். பூஜேயின் தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான். இதற்கு ஒரு மாநாடு, ஒரு அறிக்கை, ஒரு புத்தகம்! நம் ஊரில் "காசுக்கேத்த தோசை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

1910-ல் பிரான்சில் பெரிய ரயில்வே ஸ்டிரைக். லண்டன் பத்திரிகைகளுக்கு இந்தப் புது வார்த்தை அல்வா மாதிரிக் கிடைத்தது. அர்த்தம் கேட்ட வாசகர்களுக்கு ஒரு விளக்கமும் தயாராயிற்று: தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் இரும்புக்கும் சபோ என்றுதான் பேர், அதைக் கழற்றுவதால் சபோட்டாஜ்! இதுவும் ரீல்தான். ஆனால் மெஷினில் ஒரு செருப்பு, தண்டவாளத்தில் ஒரு செருப்பு என்று ஜோடி மட்டும் சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் பிரெஞ்சுச் செருப்புக்கும் தமிழுக்கும் சொந்தம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஷூவுக்கு என்ன பெயர்? சப்பாத்து. போர்த்துகீசியர்களின் 'சப்பாத்து' அப்படியே தங்கிவிட்டது. போர்த்துகீசியச் சப்பாத்தும் பிரெஞ்சு சபோவும் ஐரோப்பாவில் ஒரே பழஞ்செருப்புக் குடும்பம். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய ஹோட்டல்களில் சியாபட்டா என்று ஒரு ரொட்டி தருகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துப் பெண்தான். இத்தாலியில் அதற்குச் செருப்பு என்று பொருள். முந்நூறு ரூபாய் கொடுத்துச் சாப்பிடுகிறவர்களிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். சப்போட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது மெக்சிகோவிலிருந்து வந்த சொல். டீ மாஸ்டர் நிரபராதி.

செருப்பு விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்களும் இல்லை. அங்கே செருப்பு ஒரு மெஷினை நிறுத்தியதாகத்தான் கதை. இங்கே ராமனின் பாதுகை சிம்மாசனத்தில் உட்கார்ந்து 14 வருஷம் கவர்ன்மென்ட்டையே நடத்தியிருக்கிறது. அதுவும் ஒரு ஊழல் புகார்கூட இல்லாமல்!

எங்கள் பக்கத்திலும் ஒரு செருப்புக் கதை உண்டு. அரச்சலூருக்கு அருகில் ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டிக் கும்பினிக்காரர்களுக்குத் தண்ணி காட்டிய ஊர். ஊரில் சொல்லும் கதை இது: கும்பினிப் படை பெரிய பீரங்கிகளோடு புறப்படுகிறது. அந்தப் படைக்குள்ளேயே சின்னமலைக்கு வேண்டிய ஆள், வேலப்பன் என்று ஒருவர். சேதியை ஓலையில் எழுதிச் செருப்புக்குள் மறைத்து அனுப்பிவிட்டார். வெள்ளைக்காரன் வேர்க்க விறுவிறுக்க பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தால், கோட்டையில் ஈ, காக்கை இல்லை. பீரங்கி இருக்கிறது, குண்டு இருக்கிறது, கர்னல் இருக்கிறார். சுடுவதற்கு ஆள் இல்லை! கிடந்தது செருப்பு மட்டும்தான். அதைப் பிரித்துப் பார்த்துத்தான் வேலப்பனைக் கண்டுபிடித்தார்களாம். ஐரோப்பிய மொழிநூல் அறிஞர்கள் மட்டும் ஓடாநிலைப் பக்கம் ஒரு நடை வந்திருந்தால், சபோட்டாஜுக்கு அசல் செருப்பு கிடைத்திருக்கும்.

சின்னமலையைக் கடைசியில் பிடித்துக் கொடுத்தது பீரங்கி இல்லை. வீட்டுச் சமையல்காரர் என்பார்கள். 1805-ல் சங்ககிரியில் தூக்கு. உள்ளேயிருந்து கெடுப்பதுதான் சபோட்டாஜ் என்றால், அதற்கு ஆயுதம் செருப்பும் வேண்டாம், வெடியும் வேண்டாம். கரண்டி போதும்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ரேடியோவும் பத்திரிகையும் வைத்த பெயர் 'நாசவேலை'. ரயில் தடம் புரண்டதா, மறுநாள் "நாசவேலையா? அதிகாரிகள் விசாரணை" என்று தலைப்பு வந்தாக வேண்டும். எனக்கு இந்த மொழிபெயர்ப்பில் திருப்தி இல்லை. நாசவேலை என்றால் வெடி, புகை, கறுப்பு முகமூடி. நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு சிரிக்க வேண்டும். சபோட்டாஜில் ஆள் சிரிக்கவே மாட்டான். உங்கள் கூடவே உட்கார்ந்து டீ குடிப்பான். அதற்குச் சரியான சொல் கட்சிக்காரர்களிடம் இருக்கிறது: உள்ளடி வேலை. தோற்ற வேட்பாளர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எதிர்க்கட்சியால் தோற்றேன் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. முட்டுக்கட்டை. பிரெஞ்சில் சக்கரத்தை நிறுத்தும் கட்டைக்கும் சபோ என்றுதான் பேர், கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் முட்டுக்கட்டைக்கு நாம் செய்த அநியாயத்தைப் போல யாரும் செய்திருக்க முடியாது. சென்னிமலையில் தைப்பூசத் தேர் பார்த்திருக்கிறீர்களா? வடம் இழுப்பவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு இழுப்பார்கள். போட்டோ எல்லாம் அவர்களுக்குத்தான். சக்கரத்தடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டையைச் சொருகிச் சொருகித் தேரைத் திருப்புகிறவர்தான் நிஜ டிரைவர். அவர் ஒரு நிமிடம் அசந்தால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் நிற்கும் என்று சாமிக்கே தெரியாது. அந்த மனிதர் செய்யும் வேலையின் பெயரை எடுத்து, காரியத்தைக் கெடுப்பவனுக்குப் பட்டமாகக் கொடுத்துவிட்டோம்!

சரி, வெடியும் புகையுமான நிஜ நாசவேலை எங்கள் பக்கம் நடக்கவில்லையா? நடந்தது. 1942 ஆகஸ்டில் காந்தி முதல் எல்லாத் தலைவர்களையும் வெள்ளைக்காரன் உள்ளே தள்ளிவிட்டான். 'செய் அல்லது செத்துமடி' என்று சொல்லிவிட்டுத் தலைவர்கள் ஜெயிலுக்குப் போய்விட்டார்கள். எதைச் செய்வது என்று விளக்கம் கேட்க வெளியே ஆள் இல்லை. கூட்டம் முடிவதற்குள் மேனேஜர் லீவில் போய்விட்ட ஆபீஸ் மாதிரி!

விளக்கம் சொல்ல வந்தது காந்தியின் சொந்த 'ஹரிஜன்' பத்திரிகைதான். காந்தி ஜெயிலில் இருக்க, அவருடைய சிஷ்யர் மஷ்ருவாலா ஆகஸ்ட் 23 இதழில் எழுதினார்: தந்திக் கம்பியை அறுக்கலாம், தண்டவாளத்தைப் பெயர்க்கலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து வராதபடி ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும். அகிம்சை முறையில் தண்டவாளம் பெயர்ப்பது! முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போடுவதற்குச் சமானம். பின்னால் வெளியே வந்த காந்தி, ஒளிந்து செய்வதையும் உடைத்து எரிப்பதையும் தான் ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குள் தேர் நாலு தெரு தாண்டியிருந்தது.

கோவை ஜில்லாவுக்கு அந்தப் பத்திரிகையின் உபதேசம் தேவைப்படவும் இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் போர்த்தளவாட ரயில் ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. ஆகஸ்ட் 26 இரவு சூலூர் எரிந்தது. யுத்தத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த விமானதளத்தின் கொட்டகைகளும் லாரிகளும் சாம்பல். செய்தவர்கள் மில் தொழிலாளிகள், அக்கம்பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள். தலைமறைவு, அடி, சிறை என்று அதற்கு அவர்கள் கொடுத்த விலை மட்டும் சிரிப்புக்குரியது அல்ல. அதை மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தமாஷுக்குப் போகிறேன்.

அடுத்த தமாஷ் வெள்ளைக்காரன் செய்தது. சூலூர் தளம் பின்னால் அவர்களுடைய கடற்படை விமானப் பிரிவின் கைக்கு வந்தது. கடற்படைக்கு எல்லாமே கப்பல்தான். கடலே இல்லாத சூலூர்ப் பொட்டல்காட்டுக்கும் 'எச்.எம்.எஸ்.' என்று கப்பல் பட்டம் கொடுத்தார்கள். விமானதளங்களுக்குப் பறவைகளின் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். கோயம்புத்தூருக்குக் 'கருடா' வைத்துவிட்டார்கள். சூலூருக்கு? தேடிப் பிடித்து ஒரு வேட்டைப் பறவையின் பெயரை வைத்தார்கள்: 'வைரி'. தமிழில் வைரி என்றால் எதிரி! மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல், எதிரி. இதைவிட நைசான சபோட்டாஜை எந்தத் தியாகியாலும் செய்திருக்க முடியாது. பெயரை எடுத்துக்கொடுத்த உள்ளூர் ஆசாமி யாராவது இருந்திருந்தால், அவருக்கு ஒரு தாமிரப்பட்டயம் பாக்கி இருக்கிறது.

அதே சூலூரை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் பிறந்தவர்தான் ஜி.டி.நாயுடு. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்தவர். ஷேவிங் ரேசர் முதல் மோட்டார் வரை கை வைக்காத பொருள் இல்லை. இங்கிலாந்தில் லட்டைட்டுகள் 1811 முதல் நெசவு மெஷின்களை ராத்திரியில் போய் உடைத்தார்களே, கொங்குநாட்டுக்காரன் அதைச் செய்யவே இல்லை, கவனித்தீர்களா? அவன் மெஷினைக் கண்டால் உடைப்பதில்லை. கழற்றுவான். அடுத்த மாதம் அதே மெஷின் பாதி விலைக்கு வேறு பெயரில் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், வருமான வரி தாங்க முடியாத நாயுடு ஒரு காரியம் செய்தார். 'ஆக்க வேலைக்கு அழிவு வேலை' என்று பெயர் வைத்து, பொதுமேடை போட்டு, தான் உருவாக்கிய பொருட்களைத் தானே உடைத்துக் காட்டினார்! முதலாளியின் மெஷினைத் தொழிலாளி உடைத்தால் சபோட்டாஜ். சர்க்காரின் லாரியைத் தியாகி எரித்தால் சபோட்டாஜ். தன் பொருளைத் தானே, அழைப்பிதழ் அடித்து, கூட்டம் கூட்டி உடைத்தால் என்ன பெயர்? பூஜேயின் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது. வரி குறைந்ததா என்கிறீர்களா? உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

நாயுடுவுக்குச் சரியான சொல் இன்று இன்ஸ்டாகிராமில் இருக்கிறது: செல்ஃப் சபோட்டாஜ். என் அக்கா மகள் சொல்லித்தான் தெரியும். அரியர் ஏன் விழுந்தது என்று கேட்டால், "நான் என்னையே செல்ஃப் சபோட்டாஜ் பண்ணிக்கிறேன் மாமா" என்கிறாள். எங்கள் காலத்தில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர், விளக்குமாற்றால் குணமாகும்.

அமெரிக்காக்காரர்கள் எதையும் மேனுவல் போட்டுச் செய்பவர்கள். 1944 ஜனவரியில் அவர்களுடைய உளவுத்துறை ஒரு ரகசியக் கையேடு தயாரித்தது: எதிரி நாட்டில் இருக்கும் சாதாரண ஜனங்கள் வெடி, துப்பாக்கி ஒன்றுமில்லாமல் சபோட்டாஜ் செய்வது எப்படி? அறுபது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்ததை இப்போது யாரும் படிக்கலாம். படித்தேன். படித்து முடித்ததும் கொஞ்சம் கலங்கிப் போனேன்.

ஏனென்றால் அதில் இருப்பது இதுதான்: எதையும் குறுக்கு வழியில் முடிக்க விடாதே, எல்லாம் முறைப்படி மேலிடம் வழியாகவே போகட்டும் என்று அடம் பிடி. கூட்டத்தில் நீளமாகப் பேசு. நடுநடுவே உன் சொந்த அனுபவக் கதைகளைச் சொல். முடிந்த வரை எல்லாவற்றையும் கமிட்டிக்கு அனுப்பு. கமிட்டியில் அஞ்சு பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். போன கூட்டத்தில் முடிவானதை இந்தக் கூட்டத்தில் மறுபடி கிளப்பு. அவசர வேலை இருக்கும்போது மீட்டிங் போடு. வேலை தெரியாதவனுக்குப் பிரமோஷன் கொடு.

இது எதிரி நாட்டை வீழ்த்தும் ராணுவ ரகசியமா! நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில் இருபது வருஷம் இதைத்தானே நிர்வாகம் என்று சொன்னார்கள்? அந்தக் கணக்குப்படி எங்கள் ஹெட்கிளார்க்குக்கு அமெரிக்கா பென்ஷன் கொடுக்க வேண்டும்.

கையேட்டில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. எதிரியின் பிரசாரப் படம் ஓடும் தியேட்டருக்கு, காகிதப் பையில் இரண்டு மூன்று டஜன் பெரிய விட்டில்களைக் கொண்டுபோய்த் திறந்துவிடு. அவை புரொஜெக்டர் வெளிச்சத்தைத் தேடிப் பறந்து படத்தை மறைத்துவிடும்! எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் முதல் மழை பெய்த அன்று ஈசல் வந்து படம் பார்க்கும். அத்தனைக்கும் பின்னால் வாஷிங்டன் இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்!

ஆனால் விதியை மீறாமல், விதியாலேயே ஒரு மெஷினை மூச்சுத் திணற வைப்பது எப்படி என்று அந்த அமெரிக்கர்கள் மொடக்குறிச்சிக்கு வந்து டியூஷன் படித்திருக்க வேண்டும்.

1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகளுக்குக் கோபம். எந்தக் கட்சி வந்தாலும் எங்கள் கோரிக்கை காதில் ஏறவில்லை. என்ன செய்யலாம்? மறியலா? பழசு. பஸ் கண்ணாடியா? நம் பையன்தான் அதில் காலேஜுக்குப் போகிறான். யாருக்கோ அந்த ஞானோதயம் வந்தது: அவர்கள் தேர்தலில்தானே நிற்கிறார்கள்? நாமும் நிற்போம். எத்தனை பேர்? எல்லோரும்!

மொடக்குறிச்சித் தொகுதியில் மொத்தம் 1,033 வேட்பாளர்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கே இத்தனை பேர் உட்கார இடமில்லை; வாக்குச்சீட்டில் எப்படி உட்கார வைப்பது? தேர்தல் கமிஷன் திணறியது. வாக்குப்பதிவையே ஒரு மாதம் போலத் தள்ளி வைத்தார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக அச்சடித்தார்கள். புத்தகம் நுழைகிற மாதிரிப் பெட்டி பெரிதாகியது. ஓட்டுப் போட வந்த ஆத்தாக்கள் கல்யாணப் பத்திரிகைக் கடையில் மாடல் பார்ப்பதுபோலப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். தமிழ்நாட்டில் ஒரு வெளியீட்டுக்கு இவ்வளவு வாசகர்கள் வரிசையில் நின்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

யாரும் செருப்பை வீசவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை. தலைக்கு 250 ரூபாய் டெபாசிட் கட்டி, பாரத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்து, மெஷினுக்குள் போட்டார்கள். மெஷின் கறமுற என்றது. அரசு ஊழியர்கள் அவ்வப்போது 'விதிப்படி வேலை செய்யும் போராட்டம்' என்று அறிவிப்பார்களே (அப்படியானால் மற்ற நாட்களில் எப்படி என்று கேட்கக் கூடாது), அதை வாக்காளர்கள் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மொடக்குறிச்சிதான் உதாரணம்.

ரிசல்ட் வந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். ஆயிரத்துச் சொச்சம் வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. பூஜ்யம்! அதாவது, மனைவி போடவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். தானே தனக்குப் போடவில்லை. 1,033 பேரில் தன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பொறுமை போயிருக்கும்.

டெல்லிக்கு உறைத்தது. விவசாயிகளின் கோரிக்கை அல்ல, டெபாசிட் தொகை. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். மெஷினை நிறுத்தியவனின் குறையைக் கேட்பதைவிட, செருப்பின் விலையை ஏற்றுவது சுலபம் அல்லவா?

அத்தோடு முடியவில்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் அதே வைத்தியத்தை எடுத்தார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு பூத்திலும் 12 பேலட் யூனிட்டுகளை வரிசையாக அடுக்க வேண்டியதாயிற்று. முதலமைச்சரின் மகள் தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மஞ்சளும் நம்முடையது, டெக்னிக்கும் நம்முடையது, வாரியம் மட்டும் நிஜாமாபாத்துக்கு! ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இதைப் பேசிப் பாருங்கள், சபட்டேஜ் என்ற சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியும்.

இத்தனையையும் ஒரு நாள் மாமாவிடம் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னேன். சபோட்டாஜ் என்றால் வேண்டுமென்றே கெடுப்பது, அடுத்தவன் காரியத்தைக் கெடுப்பது, தெரிந்தே கெடுப்பது. தெரியாமல் நம் பொருளை நாமே கெடுத்துக்கொண்டால் அதற்கு அந்த வார்த்தை பொருந்தாது என்றேன். மாமா தேங்காய் பன்னை மென்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ள. அப்ப அவன் எதுக்குச் சிரிச்சான்?"

பிரெஞ்சுத் தொழிற்சங்கத்திடம் இதற்குப் பதில் இல்லை.

காயில் கட்டி, மோட்டாரை இறக்கித் தண்ணீர் பாய்கிறது. வரப்பில் ஒரு சிசிடிவி கேமரா புதிதாக, கிழக்கே பார்த்து. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபியூஸ் கேரியரில் அதே செம்புக் கம்பிதான் இருக்கிறது.